ஷெட்டுக் குழித் தண்ணீர்

ஒரு குடம் தண்ணீருக்காக ஒருத்தி பதின்மூன்று வருஷம் வன்மம் வைத்திருப்பாளா என்று கேட்கிறவர்கள் திண்டுக்கல்லில் குடியிருந்தவர்களாக இருக்க முடியாது. வைத்திருப்பாள். இஞ்ஞாசியம்மாள் வைத்திருந்தாள். அதற்காக ஒரு வீடே வாங்கினாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் அவளும் அவள் புருஷன் சூசைராஜும் பேகம்பூர் போகிற வழியில் ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு இருந்தார்கள். நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, சுற்றி ஒன்பது குடித்தனம். தெருவைப் பார்த்த பெரிய வீட்டில் சொந்தக்காரி சிவனம்மாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை மகன் உடையப்பனையும் அந்த ஒன்பது குடித்தனத்தையும் அவள்தான் ஆண்டாள். ஆண்டாள் என்பதைச் சும்மா சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் முக்கால்வாசி உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சிவனம்மாள் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் உள்ளவள் சொல்வதுதான் சட்டம்.

சட்டம் என்னவென்றால், காலையில் எட்டு மணி வரை வீட்டுக்காரர்கள் இறைப்பார்கள். அதற்குப் பிறகு குடித்தனத்துக்கு இரண்டு குடம். சாயங்காலம் இன்னொரு இரண்டு. முடிந்ததும் சிவனம்மாள் உருளையிலிருந்து கயிற்றை உருவி, வளையமாகச் சுருட்டி, தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கயிறு அவள் வீட்டுக்குள் ஆணியில் தொங்கும். கிணறு முற்றத்தில் இருக்கும், எல்லோரும் எட்டிப் பார்க்கலாம், பார்க்க மட்டும் செய்யலாம்.

இஞ்ஞாசியம்மாளின் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை அது. கொசவபட்டியிலிருந்து அவள் அப்பாவும் உறவுக்காரர்களுமாகப் பதினாலு பேர் வந்திருந்தார்கள். ஆட்டுக்கறி, சோறு, ரசம். சமைக்கிறதுக்குள்ளேயே இரண்டு குடமும் தீர்ந்துபோயிற்று. அப்பா முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, கை கழுவ எழுந்து, சொம்பில் தண்ணீர் இல்லாததைப் பார்த்து, திரும்ப உட்கார்ந்தார். சோறு ஒட்டிய கையை மடிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உடையப்பன் அப்போதுதான் குளித்துவிட்டுப் போயிருந்தான். கயிறு உருளையிலேயே கிடந்தது. இஞ்ஞாசியம்மாள் ஒரே ஒரு குடம் இறைத்து இடுப்பில் வைத்தாள். திரும்பினால் சிவனம்மாள் நிற்கிறாள்.

"ஏம்மா, காலைக்கு ரெண்டு ஆயிருச்சுல்ல?"

"விருந்தாளுக வந்திருக்காகம்மா. அப்பா எச்சிக் கையோட உக்காந்திருக்காரு. சாயங்காலக் குடத்துல ஒண்ணக் கழிச்சுக்கங்க."

"சாயங்காலம் சாயங்காலந்தான்."

சொன்னவள் கத்தவில்லை, திட்டவில்லை. இடுப்பிலிருந்த குடத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். கிணற்றுச் சுவரில் வைத்தாள். சாய்த்தாள்.

"கிணத்துத் தண்ணி கிணத்துக்கே" என்றாள்.

மேலிருந்து கொட்டிய தண்ணீர் கீழே தண்ணீரில் விழுந்த சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. பதினாலு பேரும் கேட்டார்கள். சிவனம்மாள் காலிக் குடத்தை அவள் காலடியில் வைத்துவிட்டு, கயிற்றை உருவித் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

அப்பாவின் கை காய்ந்துவிட்டது. சோற்றுப் பருக்கை விரலில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு தாயி" என்று எழுந்தார். சொந்தமாகக் கமலைக் கிணறு வைத்து, மாடு ரெண்டு கட்டி, கேட்டவனுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சிய மனுஷன் அவர். அவர் தெருமுனை திரும்புகிறவரை இஞ்ஞாசியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்றைக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். 'இவ ஒரு நாள் குடத்தத் தூக்கிட்டு என் வாசல்ல வந்து நிக்கணும். ஊத்தலாமா வேண்டாமான்னு அன்னைக்கு நான் முடிவு பண்ணணும்.' மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் பிள்ளையை அடித்தது, புருஷனை எதிர்த்துப் பேசியது, வெள்ளிக்கிழமை கறி தின்றது எல்லாவற்றையும் சொல்வாள். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் விடச் சொல்வார்கள் அல்லவா? அவளுக்கு விட இஷ்டமில்லை.

இன்னும் நாலு வருஷம் அதே காம்பவுண்டில் இருந்தாள். வேறு போக்கிடம் கிடையாது. ஒரு நாள்கூட மூன்றாவது குடம் கேட்கவில்லை. சிவனம்மாளைப் பார்த்தால் சிரிப்பாள். அவள் சிரிப்பைப் பார்த்து, பக்கத்துக் குடித்தனத்து மெஹராஜ்தான் பயப்படுவாள். மெஹராஜின் புருஷன் தோல் மண்டியில் வேலை பார்த்தார். இரண்டு பெண்களுக்கும் ஒரே சுவர், ஒரே வயசு, ஒருத்தி பிள்ளையை ஒருத்தி தூக்கி வளர்த்தவர்கள்.

"ஏ இஞ்ஞாசி, நீ திட்டிக் கூடத் தொலச்சிரு. இப்புடிச் சிரிக்காத, வகுத்தக் கலக்குது" என்பாள் மெஹராஜ்.

காம்பவுண்டுக்கு நேர் எதிரே ஒரு பழைய லாரி ஷெட் இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் செங்கல் சுவர், பின்னால் டிரைவர்கள் படுக்க இரண்டு அறை. தோல் வியாபாரி ரஹ்மத்துல்லாவுக்குச் சொந்தம். அவருடைய மூன்று லாரிக்கும் சூசைராஜ்தான் மெக்கானிக். ஷெட்டின் நடுவில் ஆள் இறங்கி நின்று வண்டியின் வயிற்றைப் பார்க்கிற குழி. அந்தக் குழிதான் சூசைராஜின் தலைவலி. தினமும் காலையில் தகர டின்னால் இருபது முப்பது தரம் மொண்டு ஊற்றினால்தான் உள்ளே கால் வைக்க முடியும். காக்கி டவுசர் நனையாமல் அவன் வீட்டுக்கு வந்த நாளே கிடையாது.

ஐம்பத்து ஏழாம் வருஷம், நல்ல வெயில் காலம். சாப்பிட உட்கார்ந்தவன் வழக்கம்போல் அலுத்துக்கொண்டான்.

"இன்னைக்கும் குழியில தொடை மட்டும் தண்ணி. மொதலாளிக்கே வெறுத்துப் போச்சு. பழனி ரோட்டுல புது ஷெட்டு போட்டுட்டாரு. இத வித்துட்டுப் போறாராம்."

இஞ்ஞாசியம்மாள் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

"சித்திரை மாசத்துலயுமா தண்ணி ஊறுது?"

"ஊறுதாவா? குமுறுது புள்ள. எறைக்க எறைக்க வருது."

"அத நாம வாங்குவம்."

சூசைராஜுக்குப் புரையேறிவிட்டது. முப்பத்து நாலு வயசுவரை சொந்தமாக ஒரு ஸ்பேனர் பெட்டியைத் தவிர வேறு சொத்து இல்லாதவன் அவன். ஆனால் சொந்த ஒர்க்‌ஷாப் என்கிற ஆசை எந்த மெக்கானிக்குக்குத்தான் இல்லை? பெண்டாட்டி தன் ஆசையைப் புரிந்துகொண்டாள் என்று நினைத்து அவன் கண் கலங்கிப் போனான். பாவம். அவள் கழுத்துச் சங்கிலியும், கொசவபட்டியில் அவள் பங்குக்கு வந்த மேட்டு நிலமும் அந்த மாசமே ஷெட்டாக மாறின.

ரஹ்மத்துல்லா நல்ல மனுஷர், விற்கிற பொருளின் குறையை மறைக்கவில்லை. "சூசை, நல்லா ரோசன பண்ணிக்க. குழியில தண்ணி வருது. ஒர்க்‌ஷாப்பு வைக்கப் போறியா, மீன் வளக்கப் போறியா?" என்று கேட்டார். அவன் சிரித்தான். அவன் பின்னால் முக்காடு போட்டு நின்ற இஞ்ஞாசியம்மாள் சிரிக்கவில்லை.

பத்திரம் எழுதுகிறவர் நான்கு எல்லையும் சொல்லி, பிறகு எல்லாப் பத்திரத்திலும் வருகிற அந்த நீளமான வரியைக் கடகடவென்று வாசித்தார். நிதி நிட்சேபம், சல, தரு, பாஷாணம் என்று போய்க்கொண்டிருந்தவரை இஞ்ஞாசியம்மாள் கை நீட்டி நிறுத்தினாள்.

"சலம்னா தண்ணிதான?"

"ஆமாம்மா. உள்ள இருக்கற தண்ணி, மரம், கல்லு எல்லாம் உங்களுக்குப் பாத்தியம்."

"அத இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தார். அவள் கேட்டுக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் கேட்ட பிரசங்கம் எதையும் அவ்வளவு பக்தியாகக் கேட்டதில்லை.

குடிபோன அன்று மாதா கோவில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். வாசல், அறைகள், அடுப்படி எல்லாம் தெளித்து முடித்தவரை அவள் குழிப் பக்கம் கூட்டிப்போய், "இதுலயும் சாமி" என்றாள். சாமியார் கறுப்புத் தண்ணீர் நின்ற குழியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதிலும் தெளித்தார். எதிர் வாசலில் சிவனம்மாள் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷெட்டை வீடாக்குகிற வேலை லேசில் முடியவில்லை. தரையில் ஒரு விரல் கனத்துக்கு ஆயிலும் தூசியும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மண்வெட்டியால் சுரண்டினார்கள், சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், வாஷிங் சோடா போட்டுக் கழுவினார்கள். சுவரில் டிரைவர்கள் கரித்துண்டால் எழுதிவைத்த லாரி நம்பரெல்லாம் நாலு தடவை வெள்ளையடித்தும் உள்ளிருந்து எட்டிப் பார்த்தன. கூரைத் தகரத்தில் இருந்த ஓட்டைகளுக்குச் சூசைராஜ் பழைய மட்கார்டை வெட்டிப் பற்றவைத்தான். முதல் ஆறு மாசம் சாப்பிட்ட ரசத்திலும் கிரீஸ் வாசனை அடித்தது.

குழிக்கு வந்தபோதுதான் சண்டை. சூசைராஜ் சிமெண்டு மூட்டை வாங்கிப் போட்டிருந்தான். நாலு பக்கமும் பூசி ஊற்றை அடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது அவன் கணக்கு. இஞ்ஞாசியம்மாள் சிமெண்டு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"குழிய அடைக்கக் கூடாது. கிணறாக்கணும்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? குழி இல்லாம ஒர்க்‌ஷாப்பா? நான் எங்க நின்னு ஆக்சில் கழட்டுறது, உன் தலையிலயா?"

"எங்கயாச்சும் நில்லுங்க. எனக்குத் தண்ணி வேணும்."

"அதுல காப்பி போட்டுக் குடிச்சுப் பாரு மொதல்ல."

போட்டாள். குடிக்கவும் குடித்தாள். டீசல் நாற்றம் குடலைப் புரட்டியது. சூசைராஜ் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினான். "இத டேங்குல ஊத்துனா ஒட்டஞ்சத்திரம் வரைக்கும் லாரி ஓடும்" என்றான். அவள் மிச்சத்தையும் அவன் முன்னாலேயே குடித்து முடித்தாள். அதைப் பார்த்த பிறகு சூசைராஜ் எதிர்த்துப் பேசவில்லை. இவளோடு மல்லுக்கு நிற்பதைவிட ஆக்சிலோடு மல்லுக்கு நிற்பது சுலபம் என்று அவனுக்குத் தெரியும்.

கிணறு வெட்டுகிற முனியப்பன் வந்தான். ஐந்தடிவரை எண்ணெய் குடித்த மண். அதை முழுக்க அள்ளி வெளியே கொட்டினான். அதற்குக் கீழே பாறை. ஆப்பு வைத்து உடைத்து உடைத்து இறங்கினான். வெட்டியெடுத்த கல்லையெல்லாம் சூசைராஜ் ஷெட்டின் முன்பக்கம் அடுக்கி, சக்கர வரிசைக்கு ஒன்றாக இரண்டு சரிவுச் சுவர் கட்டினான். லாரியை அதன் மேல் ஏற்றி நிறுத்தினால் அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்க்கலாம். குழியில் நின்று பார்த்த வேலையை மேட்டுக்கடியில் படுத்துப் பார்க்கப் பழகிக்கொண்டான். பழகுகிறவரை முதுகு விட்டுப்போயிற்று என்பதையும் சொல்லவேண்டும்; அதற்காக ஒரு நாள்கூட அவள் தைலம் தேய்த்துவிட மறுத்ததில்லை என்பதையும்.

முப்பதடியில் ஊற்று நன்றாகத் திறந்தது. பாறையின் இடுக்கிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் பீச்சியது. முனியப்பன் மேலே ஏறி வந்தான். சொம்பில் மொண்டு கொண்டுவந்த தண்ணீரை அவளிடம் கொடுத்தான். இனித்தது.

"போதும்ல அக்கா?" என்றான். "உங்க வீட்டுக்கு இது தாராளம்."

"இன்னும் எறக்குனா?"

முனியப்பன் எதிர்ப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "இந்த ஊத்துக்கண்ணு மேக்க இருந்து வருது. எதுத்த காம்பவுண்டுக் கிணறும் இதே கோடுதான். நான்தான் அதுக்குத் தூர் வாருனேன், ஆழம் தெரியும். இன்னும் ரெண்டு முழம் எறக்கிட்டம்னா அங்க நிக்கிற தண்ணி இங்க வந்துரும். அது நமக்கு எதுக்குக்கா?"

அவள் அந்த நேரம் யாரையெல்லாம் நினைத்தாள்? மெஹராஜை நினைத்தாள். ஒன்பது குடித்தனத்தையும் நினைத்தாள். இல்லையென்று சொல்ல முடியாது, முகம் முகமாக ஞாபகம் வந்தது. அதற்கெல்லாம் மேலே, மடிக்கு மேலே தூக்கிப் பிடித்த ஒரு கை, விரலில் காய்ந்த பருக்கையோடு வந்து நின்றது.

"எறக்குங்க" என்றாள்.

அடுத்த மாசம் அப்பா வந்தார், புது வீடு பார்க்க. சாப்பிட்டு எழுந்தவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், அவர் கையில் ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, முழுக் குடத்தையே ஊற்றினாள். "போதும் தாயி, கை கரஞ்சு போகும்" என்று சிரித்தார். எதற்காக இவ்வளவு என்று அவள் சொன்னபோது, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்புடியா? அன்னைக்கு அப்புடி ஒண்ணு நடந்துச்சா? கறி நல்லா இருந்துச்சு, அதுதான் எனக்கு நெனவிருக்கு" என்றார். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மறந்துபோனால் என்ன, நான் மறக்க மாட்டேன் என்று அதையும் சிவனம்மாள் தலையிலேயே ஏற்றிவைத்தாள்.

ஐம்பத்து ஒன்பது கோடையில் காம்பவுண்டுக் கிணறு வற்றியது. முதலில் வாளி தரையில் இடித்தது, பிறகு சேறு வந்தது, பிறகு அதுவும் இல்லை. தெருக்குழாயில் வருகிற தண்ணீரை நம்பினால் குழந்தைக்குப் பால் கரைக்கக்கூடப் போதாது. ஒன்பது குடித்தனமும் குடத்தோடு தெருவைத் தாண்டி வந்தன. முதல் ஆளாக மெஹராஜ் நின்றாள்.

இஞ்ஞாசியம்மாள் கிணற்றுச் சுவரில் கை வைத்துக்கொண்டு சட்டம் சொன்னாள். காலையில் எட்டு மணிக்கு மேல் ஆளுக்கு இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம். உங்கள் வீட்டுக்கு மட்டும். பெரிய வீட்டுக்கு யாரும் இங்கிருந்து ஒரு சொம்பு கொண்டுபோகக் கூடாது. "அவளுக்கு வேணும்னா அவளே குடத்தத் தூக்கிட்டு வரட்டும். மகன அனுப்பக் கூடாது, வேலைக்காரிய அனுப்பக் கூடாது. அவ வரணும்."

சாயங்காலம் எல்லோரும் போனதும் உருளையிலிருந்து கயிற்றை உருவினாள். சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினாள். மெஹராஜ் குடத்தோடு வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயிறு அங்கயிருந்து இங்க வந்திருக்கு, அம்புட்டுதான்" என்றாள் மெஹராஜ்.

"உனக்கு மூணு குடம் எடுத்துக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எனக்கு ரெண்டே போதும்" என்று சொல்லிவிட்டு மெஹராஜ் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் செத்த நேரம் உட்கார்ந்து பேசியதுகூட இல்லை. தண்ணீருக்கு வருவாள், போவாள். இந்த நஷ்டம் இஞ்ஞாசியம்மாளுக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தினதையும் சிவனம்மாள் தலையிலேயே ஏற்றினாள்.

சிவனம்மாள் வரவில்லை.

வந்துவிடுவாள், இன்னும் ஒரு வாரம் என்று நினைத்தாள். ஒரு மாசம் ஆயிற்று. உடையப்பன் எங்கிருந்தோ மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தான். குடிக்க அது, குளிக்க, துவைக்க உப்புத் தண்ணீர். சிவனம்மாளின் வெள்ளைப் புடவை பழுப்பாகப் போயிற்று, தலைமுடி சடை பிடித்தது. அவள் வாசலில் நின்று நேரே ஷெட்டைப் பார்ப்பாள். இஞ்ஞாசியம்மாள் தன் வாசலில் நின்று நேரே காம்பவுண்டைப் பார்ப்பாள். நடுவில் லாரி ஏறி இறங்கும்.

இஞ்ஞாசியம்மாள் ஒரு பித்தளைக் குடம் வாங்கினாள். தினமும் அதைப் புளி போட்டு விளக்கி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, எதிர் வீட்டுக்குத் தெரிகிற மாதிரி கிணற்றுச் சுவரில் வைப்பாள். மறுநாள் காலையில் அதை வாழைக்கு ஊற்றிவிட்டு மறுபடியும் நிரப்பி வைப்பாள். சூசைராஜ் லாரிக்கடியில் மல்லாந்து கிடந்தபடியே, "யாருக்குப் படையல்?" என்று கேட்பான். ஏழு வருஷம் அந்தக் குடம் அங்கே இருந்தது. பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு வேலையாட்கள் சேர்ந்தார்கள், கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிற லாரிகளெல்லாம் 'மேட்டு ஒர்க்‌ஷாப்' என்று விசாரித்துக்கொண்டு வந்தன. வாழ்க்கை நன்றாகத்தான் போயிற்று. ஆனால் ஒரு நாளும் அவள் எதிர் வாசலைப் பார்க்காமல் காப்பி குடித்ததில்லை.

அறுபத்து ஆறு, தை மாசம், ஒரு காலையில் எதிர் வீட்டில் சங்கு ஊதியது.

சிவனம்மாள் போய்விட்டாள். மூன்று நாள் படுக்கை, அவ்வளவுதான். இஞ்ஞாசியம்மாள் கேட்டதும் கை வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள். நீர்மாலை! பிரேதத்தைக் குளிப்பாட்ட மகனும் பங்காளிகளும் குடத்தோடு கிணறு தேடி வருவார்கள். பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் இது ஒன்றுதான். அவள் கேட்டபடி அவளே வரவில்லை, சரி. அவளுக்காகக் குடம் வரும்.

பரபரவென்று வேலை பார்த்தாள். வேலையாட்களை அனுப்பிவிட்டாள், மேட்டில் நின்ற லாரியை இறக்கி ஓரம் கட்டச் சொன்னாள், கிணற்றடியைக் கூட்டித் தெளித்தாள். உருளையில் கயிற்றை மாட்டினாள். மாற்றுப் புடவை கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நின்றாள்.

"குடுப்பியா?" என்று சூசைராஜ் கேட்டான்.

"தெரியல. வரட்டும்."

உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. பதின்மூன்று வருஷமாக அந்த இடத்தை மட்டும் அவள் யோசித்துவைக்கவில்லை.

கொட்டு கிளம்பியது. நாலு பேர் வேட்டியை விதானமாகப் பிடிக்க, அதன் கீழே உடையப்பன் குடத்தோடு வந்தான். தெருவுக்கு வந்து, ஷெட்டுக்கு நேராக வந்து, ஊர்வலம் நின்றது. பங்காளியில் ஒருத்தர் கிணற்றைக் கை காட்டி ஏதோ சொன்னார். உடையப்பன் இந்தப் பக்கம் பார்த்தான். உருளையைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தலையை ஆட்டினான். கூட்டம் வலது பக்கம் திரும்பி, அரை மைல் தள்ளியிருந்த கோவில் கிணற்றுக்குப் போயிற்று. கொட்டுச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது.

சாவு வீட்டிலிருந்து வெளியே வந்த மெஹராஜ் தெருவில் நின்றபடியே சொன்னாள். "நேத்தே மகன்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு. 'எதுத்த வீட்டுத் தண்ணி என் மேல படக் கூடாது. பட்டுச்சு, எந்திரிச்சு உக்காந்துருவேன்'னு சொல்லுச்சாம்."

இஞ்ஞாசியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏமாற்றிவிட்டாள்! கடைசிவரை வராமலே ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாள். ஊருக்குத் தண்ணீர் கொடுத்து, ஒர்க்‌ஷாப் குழியைக் கிணறாக்கி, தோழியைத் தொலைத்து, ஏழு வருஷம் குடம் விளக்கி வைத்து என்ன பிரயோஜனம்? அந்த மூதேவி ஒரு சொட்டு வாங்காமல் போய்விட்டாள். உட்கார்ந்து அழுதாள். சூசைராஜுக்கே பயமாகப் போயிற்று. துக்கத்தில் அழுகிற அழுகையாக அது இல்லை.

பிற்பகலில் எடுத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் பீப்பாய்த் தண்ணீரை ஊற்றி வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்போது இஞ்ஞாசியம்மாள் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் கால் வைத்தாள். பெண்கள் துடைப்பத்தோடு அப்படியே நின்றார்கள். மெஹராஜ் ஒதுங்கி வழி விட்டாள்.

நேரே கிணற்றடிக்குப் போனாள். உருளையில் கயிறு தொங்கியது. புதுக் கயிறு. தேங்காய் நாரின் மஞ்சள்கூடப் போகவில்லை. கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிராத, பொரபொரவென்ற கயிறு.

"வருசா வருசம் புதுசு வாங்கி மாட்டும்" என்றாள் மெஹராஜ் மெதுவாக. "பொழுது சாஞ்சா உருவி உள்ள கொண்டு போகும். காலையில எட்டு மணி வரைக்கும் இங்கயே வந்து நிக்கும்."

வற்றின கிணற்றுக்குக் கயிறு. இறைக்க ஒன்றும் இல்லாமல், ஆனாலும் எட்டு மணி வரை. இஞ்ஞாசியம்மாள் அந்தக் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். கிணற்றின் அடியில் சருகும் ஒரு உடைந்த வாளியும் தெரிந்தன. இந்தத் தண்ணீரை எடுத்தது தான்தான் என்று இந்தப் பெண்களில் யாருக்கும் தெரியாது. சிவனம்மாளுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் வராமல் இருந்தாளோ?

குடத்தைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். சாய்த்தாள்.

"கிணத்துத் தண்ணி கிணத்துக்கே" என்றாள்.

அன்றைக்குக் கேட்ட சத்தம் வரவில்லை. தண்ணீர் காய்ந்த பாறையில் சடசடவென்று அறைந்து, உடனே அடங்கிவிட்டது. எட்டிப் பார்த்தாள். ஈரம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

காலிக் குடத்தோடு திரும்பிப் போனாள். முடிந்தது என்று பெண்கள் துடைப்பத்தை எடுத்தார்கள். அவள் மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்தாள். இரண்டாவது குடத்தையும் ஊற்றினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தாள். முகம் நனைந்திருந்தது, குரலில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆளுக்கு ரெண்டு குடந்தான்டி" என்று கிணற்றுக்குள் சொன்னாள். "இனி சாயங்காலந்தான்."

சாயங்காலம் போனாள்.